2.5 சிசி டீசல் ரேசர்: பாதி டேங்கில் எஞ்சின் லீன் (எரிபொருள் பற்றாக்குறை) ஆகிறது. வேகத்தைக் கூட்டுவதா, சுற்றைக் கூட்டுவதா?

பல்சாதூள்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகக் கண்ட்ரோல் லைனில், அதாவது நடுவில் நின்று இரண்டு கம்பியால் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானங்களில், ஸ்டன்ட் பயிற்சி விமானம்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல்முறையாக ஒரு ரேசர் கட்டி முடித்திருக்கிறேன். பழைய குட்இயர் பந்தய விமானமான ஷூஸ்ட்ரிங்கின் சாயல். உடல் 12 மி.மீ. பல்சாப் பலகை, இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. ப்ளைவுட். எஞ்சின் உட்காரும் கட்டைகள் பீச் மரம். இறக்கை 10 மி.மீ. பல்சா, மேலே மெல்லிய கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும். எஞ்சின் 2.5 சிசி டீசல், ப்ராப் (விசிறி) 7×8 அங்குலம். எடை 500 கிராமுக்குள் அடங்கியது. கம்பி 15.92 மீட்டர்.

பறப்பதில் குறையில்லை, நேராகப் போகிறது. எஞ்சின்தான் பிடிகொடுக்க மறுக்கிறது. தரையில் நீடிலை (எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசி) திருகி அருமையாக வைக்கிறேன். மேலே போனதும் முதல் 10 சுற்று 24 விநாடி. 20ஆம் சுற்றுக்கு மேல் சத்தம் மெலிந்து வறண்டு போகிறது, வேகமும் விழுகிறது. 28 சுற்றில் டேங்க் காலி. இறங்கிய பிறகு ப்ராப்பை 15, 20 தடவை தட்டினால்தான் மறுபடி பிடிக்கிறது. மெக்கானிக்காக நிற்கும் நண்பனின் விரல் வீங்கிவிட்டது. எங்கள் வகுப்பில் டேங்க் 10 சிசி, பந்தயம் 100 சுற்று.

எங்கே தப்பு செய்கிறேன்? எஞ்சினைக் கழற்றிப் பார்க்கலாமா?

கம்பிச்சுற்று:

எஞ்சினைத் தொடாதீர்கள், தம்பி. முதலில் டேங்க் எங்கே இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். உடலின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

10 சுற்றுக்கு 24 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு 2.4 விநாடி. 15.92 மீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று சரியாக 100 மீட்டர். அந்த எண்ணை அப்படி வைத்ததற்குக் காரணமே அதுதான்: 100 சுற்று, 10 கிலோமீட்டர். ஆக உங்கள் வேகம் மணிக்கு 150 கி.மீ. அந்த வேகத்தில் இந்த வட்டத்தைச் சுற்றினால் விமானத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் 11 மடங்கு விசையோடு வெளியே இழுபடும். எரிபொருளும்தான்.

இப்போது யோசியுங்கள். டேங்க் ஸ்ப்ரேபாரிலிருந்து (எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் குழாய்) வெளிப்பக்கமாக 1 செ.மீ. தள்ளி இருந்தால், அது தரையில் டேங்கை எஞ்சினுக்கு 11 செ.மீ. கீழே தொங்கவிட்டதற்குச் சமம். எஞ்சின் அவ்வளவு உயரத்துக்கு எரிபொருளை உறிஞ்ச வேண்டும். தரையில் சரியாக இருந்த நீடில் மேலே போனதும் லீன் ஆவது இதனால்தான். அதோடு நிற்காது. எரிபொருள் குறையக் குறைய மிச்சமிருப்பது டேங்கின் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, இன்னும் தள்ளிப் போகும். 2 செ.மீ. அகலமுள்ள டேங்கில் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் 22 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். 20ஆம் சுற்றில் நீங்கள் கேட்கிற வறண்ட சத்தம் அதுதான்.

செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, உடலில் பள்ளம் வெட்டி டேங்கை உள்ளே தள்ளுங்கள். அகலம் குறைந்த, நீளமான டேங்காகச் செய்யுங்கள். இரண்டு, யூனிஃப்ளோ போடுங்கள். காற்று உள்ளே வரும் குழாயின் வாய், எரிபொருள் எடுக்கும் குழாயின் வாய்க்கு 5, 6 மி.மீ. முன்னால், அதே வெளிச்சுவர் ஓரத்தில் திறக்க வேண்டும். அப்போது எரிபொருள் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் எஞ்சின் உணரும் அழுத்தம் கடைசிச் சொட்டு வரை ஒன்றாகவே இருக்கும். நிரப்புவதற்கும் வழிவதற்கும் தனியாக ஒரு குழாய் வேண்டும். நிரப்பியதும் அதை மூட மறந்தால் யூனிஃப்ளோ வேலை செய்யாது. அந்தக் குழாய் வழியாகவும் காற்று புகுந்துவிடும்.

டீசல்வாசம்:

கம்பிச்சுற்று அண்ணா சொன்னது முழுக்கச் சரி. சூடான எஞ்சின் மறுபடி பிடிக்காத விஷயத்தை நான் சொல்கிறேன்.

டேங்க் முற்றிலும் காலியாகித்தான் எஞ்சின் நிற்கிறது, இல்லையா? அந்தக் கடைசி இரண்டு சுற்றில் எஞ்சின் லீனாகி, கொதித்து, உள்ளே ஒரு துளி ஈரம் இல்லாமல் நிற்கிறது. அதை எப்படித் தட்டினாலும் பிடிக்காது. டேங்கில் இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே பைலட் எஞ்சினை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் ஷட்-ஆஃப். எலிவேட்டரை (விமானத்தை ஏற்றி இறக்கும் வால் தகடு) முழுக் கீழ்நிலைக்குத் தள்ளினால் ஒரு சின்னக் கொக்கி விடுபட்டு, எரிபொருள் குழாயை நெரிக்கும். அதைப் போடாமல் ரேஸ் பறக்காதீர்கள். எங்கே, எப்போது இறங்குவது என்பதை எஞ்சின் முடிவு செய்யக் கூடாது, பைலட் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் கம்ப்ரஷன். குளிர்ந்த எஞ்சினை எழுப்ப நாம் எஞ்சின் தலையில் உள்ள திருகைக் கொஞ்சம் இறக்கி கம்ப்ரஷனைக் கூட்டுகிறோம். சூடானதும் அதே இடம் அதிகம். எஞ்சின் உழைத்து உழைத்து இன்னும் சூடாகும். எக்ஸாஸ்டிலிருந்து வழியும் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். தெளிந்த பழுப்பாக இருந்தால் நல்லது. கரும்பழுப்பாக, அழுக்காக இருந்தால் கம்ப்ரஷன் கூடுதல். பந்தயத்துக்கு நான் சூட்டுக்குத் தகுந்தபடியே திருகை வைத்துவிடுவேன். முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் எக்ஸாஸ்ட் வழியாக பிஸ்டன் மேல் இரண்டு சொட்டு விட்டுக்கொள்வேன். இரண்டே சொட்டு. அதிகம் விட்டால் மேலே திரவம் தேங்கி, பிஸ்டன் ஏற இடமில்லாமல் முட்டும். அந்த நேரத்தில் பலமாகத் தட்டினால் கனெக்டிங் ராடு வளையும். ப்ராப் கெட்டியாக நின்றால் தட்டவே வேண்டாம், எஞ்சினைத் திருப்பி வடிய விடுங்கள்.

எரிபொருள் என்ன கலவை? புது எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்கு. பழகிய பிறகு எண்ணெயைக் குறைத்து மண்ணெண்ணெயைக் கூட்டலாம். சக்தி மண்ணெண்ணெயிலிருந்துதான் வருகிறது, ஈதர் பற்றவைக்க மட்டும். ஆனால் டின்னைத் திறந்து வைத்தால் முதலில் பறந்துபோவது ஈதர்தான். பாதி நாள் மூடி இல்லாமல் இருந்த டின்னை வைத்துக்கொண்டு எஞ்சினைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாலாம்சுற்று:

ஒரு சின்னச் சந்தேகம். வென்சுரியை (எஞ்சினுக்குள் காற்று போகும் துளை) குறைத்தால் எரிபொருள் மிச்சமாகும், அதிகச் சுற்று வரும் என்கிறார்கள். ஆனால் வேகம் போய்விடுமே? பந்தயம் என்றால் வேகம்தானே?

கம்பிச்சுற்று:

இந்தக் கேள்விக்கு எல்லோரும் அவரவர் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பல்சாதூளின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதைய நிலை: 10 சுற்றுக்கு 24 விநாடி, ஒரு டேங்குக்கு 28 சுற்று. 100 சுற்றுக்கு நான்கு டேங்க் வேண்டும், அதாவது மூன்று முறை இறங்க வேண்டும். பறக்கும் நேரம் 240 விநாடி. ஒரு இறக்கத்துக்கு எவ்வளவு போகிறது? எஞ்சினை நிறுத்தி, மிதந்து வந்து, பிடித்து, நிரப்பி, தட்டி, மறுபடி வேகம் எடுக்கும்வரை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஜோடிக்கு 12 விநாடி என்பது நல்ல இறக்கம். 240 கூட்டல் 36, மொத்தம் 276.

வென்சுரியைக் குறைத்து 10 சுற்றுக்கு 25 விநாடி, டேங்குக்கு 35 சுற்று என்று வைப்போம். இரண்டே இறக்கம். 250 கூட்டல் 24, மொத்தம் 274. மெதுவான விமானம் 2 விநாடி முந்துகிறது.

இரண்டு விநாடிதானே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு இறக்கமும் எஞ்சின் பிடிக்காமல் போக ஒரு வாய்ப்பு. மூன்று வாய்ப்பை இரண்டாக்குவதுதான் பெரிய லாபம். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உங்கள் மெக்கானிக் கைதேர்ந்து, ஒரு இறக்கம் 7 விநாடிக்கு வந்துவிட்டால் கணக்கு புரண்டுவிடும். 261, 264. அப்போது வேகமான விமானம் ஜெயிக்கும். எந்த செட்டிங் சிறந்தது என்பதை உங்கள் பிட் (இறங்கி, நிரப்பி, மறுபடி கிளம்பும் வேலை) தீர்மானிக்கிறது, எஞ்சின் அல்ல. நான் பல வருடம் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு சீசனிலும் வேகத்தையே துரத்திக்கொண்டிருந்தேன்.

பல்சாதூள்:

அண்ணா, அளந்தேன். டேங்கின் நடு, ஸ்ப்ரேபாரிலிருந்து 14 மி.மீ. வெளியே. அகலம் 22 மி.மீ. நீங்கள் பார்க்காமலே சொன்னது அப்படியே இருக்கிறது. தகரம் வெட்டிப் புது டேங்க் சால்டர் செய்யப் போகிறேன். 12 மி.மீ. அகலம், உடலுக்குள்ளேயே.

பிட்ஓரம்:

நான் மெக்கானிக். பைலட்டாக ஒருநாளும் நின்றதில்லை, ஆசையும் இல்லை. வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

விமானத்தைப் பிடிப்பது முழங்காலில் தொடங்குகிறது. ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, இடது கையை நீட்டித் தரையோடு தாழ்த்தி வைக்கிறேன். தடித்த கையுறை கட்டாயம். விமானம் வருகிற திசையில் கையைக் கொண்டுபோகக் கூடாது. கை தன் இடத்தில் நிற்கட்டும், பைலட் விமானத்தைக் கைக்குக் கொண்டுவந்து தருவார். இறக்கையின் முன்விளிம்பு உள்ளங்கையில் பட்டதும், கையை ஒரு முழம் பின்னால் போகவிட்டு வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கெட்டியாக நிறுத்தினால் இறக்கை வெடிக்கும், அல்லது மூக்கு திரும்பி கம்பி தளரும்.

அந்தப் பின்வாங்கும் அசைவிலேயே வலது கை நிரப்பும் வால்வைக் கொண்டுபோய் டேங்கில் அழுத்துகிறது. அழுத்தத்தில் நிரம்புவதால் ஒரு நொடி கூட ஆகாது. வழிகுழாயிலிருந்து தெறித்ததும் எடுத்துவிடுவேன். பிறகு ஒரே தட்டு. பிடித்ததும் உடனே விடக் கூடாது, சத்தத்தைக் கேட்டு விட வேண்டும். அரைகுறையாக உறுமும் எஞ்சினை விட்டால் நான்கு சுற்றில் மறுபடி என் முன்னாலேயே வந்து விழும்.

உங்கள் நண்பரின் விரலுக்காக ஒன்று: பிஸ்டன் அமுக்கத்தைத் தொடும் இடத்தில் ப்ராப் ஏறக்குறையக் கிடையாக நிற்கும்படி மாட்டுங்கள். எஞ்சின் நிற்கும்போது அந்த இடத்தில்தான் நிற்கும். இறங்கும்போது ப்ராப் தரையில் இடிக்காது, தட்டுவதற்கும் கைக்கு வாகாக இருக்கும். வீட்டில் எரிபொருள் இல்லாமல் தினமும் 50 முறை பிடித்து, அழுத்தி, தட்டிப் பழகச் சொல்லுங்கள். நாங்கள் 14 விநாடியிலிருந்து 8க்கு வந்தது அப்படித்தான். எஞ்சினில் ஒரு மாற்றமும் செய்யவில்லை.

இரட்டைக்கம்பி:

இந்த இழையில் கம்பியைப் பற்றி இன்னும் பேச்சே வரவில்லை. 500 கிராம் விமானம், 11 மடங்கு என்றால் கைப்பிடியில் ஐந்தரைக் கிலோ இழுப்பு. எஃப்2சி எனும் சர்வதேச டீம் ரேஸ் வகுப்பில் மணிக்கு 200 கி.மீ. தொடுகிறார்கள். அங்கே ஏறத்தாழ 20 மடங்கு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இறக்கை நுனியில் லீட்அவுட் (இறக்கைக்குள்ளிருந்து வந்து கட்டுப்பாட்டுக் கம்பியோடு சேரும் கம்பி) வெளியே வரும் ஓட்டையில் பித்தளைக் குழாய் போட்டிருந்தேன். அதன் விளிம்பை மழுக்கவில்லை. 40 பறப்புக்கு மேல் அந்த விளிம்பு கம்பியை ராவிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் 30ஆவது சுற்றில் மேல் கம்பி அறுந்தது. விமானம் நேராகத் தரையில் குத்தியது. கீழ் கம்பியும் சேர்ந்து அறுந்திருந்தால் அரைக் கிலோ எடையும் சுழலும் ப்ராப்பும் பார்வையாளர்கள் பக்கம் பறந்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்ததும் மூன்று விமானங்களின் லீட்அவுட்டையும் மாற்றினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பறக்கும் நாளும் காலையில் கம்பியின் முழு நீளத்தையும் விரலுக்கிடையே விட்டு உருவுவேன். எங்காவது முடிச்சுப்போல் மடிந்திருந்தால் நிமிர்த்திப் பயன்படுத்த மாட்டேன், அந்தக் கம்பியே வேண்டாம். பறக்கும் இழுப்பைவிடப் பல மடங்கு இழுத்துச் சோதித்த பிறகுதான் எஞ்சின். மணிக்கட்டில் பாதுகாப்பு வார் இல்லாமல் கைப்பிடியைத் தொடுவதில்லை. மின்கம்பிகள் பக்கத்தில் இருந்தால், இடி முழங்கினால், அன்று பறப்பதில்லை. நம் கையில் இருப்பது எஃகுக் கம்பி.

இனி வேகக் கணக்கு. 0.3 மி.மீ. கம்பி இரண்டு, 15.92 மீட்டர் நீளம். உள்முனை மெதுவாகவும் வெளிமுனை வேகமாகவும் சுற்றுவதால் கணக்கிட்டால், மொத்த நீளத்தில் கால்வாசி முழு வேகத்தில் போவதற்குச் சமமான சக்தியைத் தின்கிறது. அந்தக் கால்வாசியே நல்ல வழுவழுப்பான ஒரு ரேசர் விமானத்தின் இழுவைக்கு நிகராக வருகிறது. எஞ்சின் தன் சக்தியில் பாதியைக் கம்பியை இழுக்கவே செலவழிக்கிறது. அதனால்தான் முறுக்குக் கம்பியை விட்டு ஒற்றை இழைக்குப் போகிறார்கள், விதி அனுமதிக்கும் மிக மெல்லிய கம்பியைத் தேடுகிறார்கள். இறக்கையைப் பத்து முறை தேய்த்துப் பளபளப்பாக்குவதைவிட இது பெரியது. ஆனால் பாதுகாப்பு விதிக்குக் கீழே ஒரு நூலிழை கூடப் போகாதீர்கள்.

நாலாம்சுற்று:

டீம் ரேஸில் ஒரே வட்டத்தில் பறக்கவிடும் பைலட்டுகள் மூன்று பேரும் நடுவில் எப்படி முட்டிக்கொள்ளாமல் நிற்கிறார்கள்? எனக்குத் தனியாகச் சுற்றினாலே தலை கிறுகிறுக்கிறது.

கம்பிச்சுற்று:

விமானத்தை மட்டும் பாருங்கள், பின்னால் ஓடும் மரத்தையும் கூட்டத்தையும் பார்க்காதீர்கள். கிறுகிறுப்பு பாதி குறையும். மீதி பழக்கத்தில் போகும். நின்ற இடத்தில் சுழலக் கூடாது. மூவரும் நடுப்புள்ளியைச் சுற்றிச் சின்னச் சின்ன அடியாக, ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டி நடக்கிறார்கள்.

எஃப்2சியில் வழக்கமான உயரம் 2 முதல் 3 மீட்டர். முந்தும்போது மேலாகத்தான் போக வேண்டும், 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் கம்பி அடுத்தவர் தலைக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் இறங்கும். முந்தப்படுகிறவர் தடுக்கக் கூடாது. கையால் விமானத்தை இழுத்து வேகம் கூட்டினால் நடுவர்கள் எச்சரிப்பார்கள், மூன்றாவது எச்சரிக்கையோடு அந்தப் பந்தயத்திலிருந்து வெளியே. உங்கள் விமானம் தரையில் இருக்கும்போது குனிந்து, கைப்பிடியையும் கம்பியையும் தரையோடு வைத்திருங்கள். மற்ற இருவர் கம்பியும் உங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நிமிர்ந்தால் மூன்று விமானமும் போய்விடும்.

இடையில் ஒரு பழங்கதை. கம்பியில் கட்டிப் பறக்கவிடும் முறையை உலகமெங்கும் கொண்டுசென்றது ஜிம் வாக்கர் 1940இல் விற்ற ‘ஃபயர்பால்’. காப்புரிமையும் அவரிடம்தான் இருந்தது. 1955இல் லெராய் காக்ஸுடனான வழக்கில் அது செல்லாமல் போனது. ஓபா செயின்ட் கிளேர் அதற்கு முன்பே, 1930களிலேயே, பெல்கிராங்க் வைத்துப் பறக்கவிட்டிருந்தார். கம்பியின் இழுப்பை எலிவேட்டருக்குக் கடத்தும் அந்த முக்கோணத் தகட்டை இன்றும் நாம் இறக்கைக்குள் வைக்கிறோம். அதனால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

பல்சாதூள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் முதலில் நன்றி.

உடலில் பள்ளம் வெட்டிப் புது டேங்கை உள்ளே வைத்தேன். யூனிஃப்ளோ, ஷட்-ஆஃப் இரண்டும் உண்டு. முதல் நாள் வழிகுழாயை மூட மறந்து, பழைய கதையே நடந்தது. கம்பிச்சுற்று அண்ணா எழுதியது ஞாபகம் வந்து, ஒரு சின்னச் சிலிக்கான் மூடி போட்டேன். அடுத்த பறப்பில் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை ஒரே சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு நடுவில் நின்ற அந்த ஒரு நிமிடத்தை மறக்க மாட்டேன்.

வென்சுரியில் மெல்லிய வளையம் நுழைத்துக் குறைத்தேன். 10 சுற்றுக்கு 25 விநாடி, டேங்குக்கு 35 சுற்று. அண்ணா உதாரணத்துக்குச் சொன்ன எண்ணே வந்துவிட்டது. லீட்அவுட் ஓட்டையின் விளிம்பைப் பார்த்தேன், கம்பியில் ஏற்கனவே பளபளப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அன்றே மாற்றிவிட்டேன். இரட்டைக்கம்பி எழுதாமல் இருந்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

நண்பன் தினமும் வீட்டுக் கூடத்தில் பிடித்துத் தட்டிப் பழகினான். ப்ராப்பைக் கிடையாக மாற்றியதும் விரல் பிரச்சினை போய்விட்டது. நேற்று தனியாக 100 சுற்று நேரம் எடுத்தோம். முன்பு 5 நிமிடம் 10 விநாடி. நேற்று 4 நிமிடம் 38 விநாடி. இரண்டு இறக்கத்திலும் ஒரே தட்டில் பிடித்தது.

ஒரு கேள்வி மிச்சம். கடைசி டேங்கில் 30 சுற்றுதான் தேவை, டேங்க் 35 தருகிறது. கடைசி இறக்கத்தில் குறைவாக நிரப்பி அரை விநாடி மிச்சம் பிடிக்கலாமா?

பிட்ஓரம்:

வேண்டாம். அழுத்தத்தில் நிரப்பும்போது முக்கால் டேங்கை எந்தக் கையும் சரியாக அறியாது. வழிவதைப் பார்த்து நிறுத்துவதுதான் நிச்சயம். அந்த 5 சுற்றை வேறு விதமாகச் செலவழியுங்கள்: நீடிலை ஒரு சொடுக்கு திறந்து, 34 சுற்று வருகிற அளவுக்குக் கொஞ்சம் ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) ஓட்டுங்கள். எஞ்சின் குளிர்ச்சியாக இறங்கும், என்னைப் போன்றவர்கள் கையில் சட்டென்று பிடிக்கும்.

டீசல்வாசம்:

அதோடு 34க்குக் கீழே மட்டும் விடாதீர்கள். மூன்று 34, 102. வெயில் ஏறினால் ஒரு சுற்று குறையும், அப்போது கணக்கு மூன்றாவது இறக்கத்தில் போய் நிற்கும். பந்தய நாள் காலையில் ஒரு முழு டேங்க் ஓட்டிச் சுற்றை எண்ணிவிட்டு நீடிலை முடிவு செய்யுங்கள்.